அண்ணி வீட்டு ஸ்பீக்கர்

நாவல் எழுதுகிறவன் வீட்டில் சால்டரிங் அயர்ன் எதற்கு என்று கேட்காத சிநேகிதர்களே எனக்கு இல்லை. சிலர் நேராகவே கேட்பார்கள். சிலர், "என்ன, இப்போது கதை ஒன்றும் வருவதில்லையா?" என்று அனுதாபத்தோடு விசாரிப்பார்கள். கதை வராத நாட்களில்தான் அதைக் கையில் எடுக்கிறேன் என்பது உண்மை. ஆனால் இங்கே நான் சொல்லப் போகும் பலகையைப் பொழுது போகாமல் செய்யவில்லை. ஒரு தப்புக்குப் பரிகாரமாகச் செய்தேன்.

சூரமங்கலம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த ஊரில் வந்து இறங்கியிருப்பார்கள். சேலம் ஜங்ஷன் இருப்பது அங்கேதான். டிக்கெட்டில் சேலம் என்று போட்டிருக்கும். காலை வைப்பது என்னவோ சூரமங்கலத்து மண்ணில். என் அண்ணன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டு, அங்கேயே காலமும் ஆனார். எக்ஸ்பிரஸ் வண்டி போகும்போது அந்த வீட்டுச் சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அண்ணிக்கு அது கடிகாரம் மாதிரி.

அண்ணனுக்கு ஒரே ஒரு ஊதாரித்தனம் உண்டு, அது சங்கீதம். ஒரு தீபாவளி போனஸில், வீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்தது போக மிச்சமிருந்த பணத்தோடு கையிருப்பையும் சேர்த்து, பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வந்தார். தச்சரைத் திண்ணையில் உட்கார வைத்து, பக்கத்திலேயே தாமும் உட்கார்ந்து, பெட்டிகள் செய்வித்தார். திருச்சி வானொலியில் வரும் கச்சேரிகளை எல்லாம் காஸெட்டில் பிடித்து, முத்து முத்தான கையெழுத்தில் ராகமும் தாளமும் தேதியும் எழுதி அடுக்கி வைத்தார். அவர் போன பிறகு, அந்தி விளக்கு ஏற்றியதும் அந்தக் காஸெட்டுகளில் ஒன்றைப் போட்டுக் கேட்பது அண்ணிக்கு வழக்கமாகிவிட்டது. அண்ணிக்குச் சங்கீதத்தில் பெரிய ஞானம் என்று சொல்ல முடியாது. காஸெட்டுகளை வரிசை மாறாமல் போடுவார். கடைசிக் காஸெட் முடிந்ததும் மறுபடியும் முதல் காஸெட்.

ஒரு நாள் பழைய ஆம்ப்ளிஃபையர் இறந்து போயிற்று. "எதற்கு அண்ணி கவலைப்படுகிறீர்கள்? நானே ஒன்று செய்து தருகிறேன்" என்றேன். விபரீதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உதாரமான வாக்கியங்களில் ஆரம்பிக்கின்றன.

அந்த அறைக்குப் பத்து வாட் போதும். நான் நூறு வாட்டில் செய்தேன். ஏன் என்று கேட்டால் பெருமை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கூட்டல் 45 வோல்ட், கழித்தல் 45 வோல்ட் என்று இரட்டை சப்ளை. பக்கத்துக்கு ஒரு ஜோடி பவர் டிரான்சிஸ்டர். அவற்றின் சூட்டை வாங்கிக்கொள்ள அலுமினியத் தகடு ஒன்று வேண்டும். பெட்டி அழகாக இருக்க வேண்டுமே என்று அந்தத் தகட்டை மட்டும் சின்னதாகப் போட்டேன். முதல் மூன்று நாள் பிரமாதமாகப் பாடிற்று. நாலாம் நாள் சாயங்காலம் ஆலாபனைக்கு நடுவே இடது ஸ்பீக்கர் "தொப்" என்றது. அதன் காகிதக் கூம்பு முன்னால் துருத்திக்கொண்டு அப்படியே நின்றது. நான் எழுந்து போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் அரக்கு கருகும் வாசனை வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஸ்பீக்கருக்குள் காந்தத்தின் நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. பாட்டு என்பது முன்னும் பின்னுமாக ஊசலாடும் மின்சாரம். அது வந்தால் சுருளும் ஊசலாடும். கூம்பைத் தள்ளி இழுத்து ஒலியை உண்டாக்கும். ஆனால் டிரான்சிஸ்டர் சூடேறி உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், 45 வோல்ட் நேர் மின்சாரம் ஊசலாடாமல் ஒரே பக்கமாக நேரே ஸ்பீக்கருக்குப் போய்விடும். 8 ஓம் ஸ்பீக்கர் என்று எழுதியிருந்தாலும், நேர் மின்சாரத்துக்கு அந்தச் சுருள் காட்டும் தடை 6 ஓம் அளவுதான். 45-ஐ 6-ஆல் வகுத்தால் ஏழரை ஆம்பியர். முந்நூறு வாட்டுக்கு மேல் சூடு. அறுபது வாட்டுக்குச் செய்த சுருள் எத்தனை நேரம் தாங்கும்? ஃபியூஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ்தான் போட்டிருந்தேன். ஏழரை ஆம்பியரைக் கண்டதும் அது உடனே உயிரை விட்டுவிடாது, சற்று யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் ஸ்பீக்கர் போய்விட்டது. திறந்து பார்த்தபோது ஃபியூஸ் மட்டும் பத்திரமாக இருந்தது.

அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஜன்னலைத் திறந்து வையுங்க தம்பி, வாசனை போகட்டும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பேன்.

பழைய காலத்தில் இந்தப் பயமே கிடையாது. 1947-ல் வில்லியம்சன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகையில் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் படத்தை வெளியிட்டார். பல நாடுகளில் வீட்டுத் தச்சு மேஜைகளின் மேல் அதைப் பார்த்துச் செய்தார்கள். அதிலே ஸ்பீக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உட்கார்ந்திருக்கும். நேர் மின்சாரம் அதைத் தாண்டாது. டிரான்சிஸ்டர் வந்த பிறகு அந்த டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு ஒரு கண்டென்சரை வைத்தார்கள். அதுவும் நேர் மின்சாரத்தைத் தாண்ட விடாது. பிறகு, கண்டென்சர் கீழ் ஸ்வரங்களைக் கொஞ்சம் விழுங்குகிறது என்று, இரட்டை சப்ளை கொடுத்து அதையும் எடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்தவர்கள் எல்லோரும் போனார்கள். ஒலி தெளிவாயிற்று, கூடவே ஆபத்தும் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனால்தான் இப்போது ஸ்பீக்கருக்கு முன்னால் தனியாக ஒரு காவல்காரனை நிறுத்த வேண்டியிருக்கிறது.

அந்தக் காவல்காரனை நானே செய்வது என்று தீர்மானித்தேன். ரிலே என்று ஒரு சாமான் உண்டு. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு நாக்கு ஒன்று இழுபட்டு ஸ்விட்சை மாற்றும். என் யோசனை சுலபமானது: ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் நேர் மின்சாரம் வருகிறதா என்று ஒரு டிரான்சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். வந்தால் ரிலேயை இழுக்கும். ரிலே ஸ்பீக்கரைத் துண்டிக்கும். கணக்குப் போட்டு, படம் எழுதி, நாவலின் கடைசி அத்தியாயத்தை முடித்தவன் போல ஒரு காப்பி சாப்பிட்டேன்.

அண்ணனோடு வேலை பார்த்தவர்களில் சிக்னல் பகுதியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அண்ணி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். வாசலில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தவரிடம் என் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிங்க தம்பி. இந்தப் பலகைக்கே கரண்ட் வராமப் போச்சுன்னா?"

"அதெப்படிங்க போகும்?"

"ஒரு கம்பி விட்டுப் போச்சு. இல்லே, சால்டர் விட்டுப் போச்சு. அப்போ ஆபத்து வந்தா உங்க ரிலே என்ன பண்ணும்?"

நான் பேசாமல் இருந்தேன். ஒன்றும் பண்ணாது. ஸ்பீக்கர் கருகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

அவர் முருங்கைக்காயைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கைகாட்டி மரம் பார்த்திருப்பீங்களே. கை நீட்டிக்கிட்டு இருந்தா நில்லுன்னு அர்த்தம். வண்டி வரலாம்னா கம்பியை இழுத்துக் கையை இறக்கணும். கம்பி அறுந்துச்சுன்னா என்ன ஆகும்? எடைக் கட்டை கீழே போகும், கை தானா மறுபடி நீட்டிக்கும். வண்டி நின்னுக்கும். ரிலேயும் அதே மாதிரிதான். எல்லாம் சரியா இருக்கிற வரைக்கும் கரண்ட் அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். எதுல பிசகு வந்தாலும் கீழே விழுந்துடும். விழுந்தா சிவப்பு. காப்பாத்தறதுக்குன்னு அது ஒண்ணும் செய்யக் கூடாதுங்க. விட்டுடணும், அவ்வளவுதான்."

தண்டவாளத்துக்கும் அதே தத்துவம் என்று அவர் விளக்கினார். 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் கண்ட முறை அது. இரண்டு தண்டவாளங்களிலும் சிறு மின்சாரம் ஓடி மறு கோடியில் ஒரு ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி ஏறினால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் சேர்த்துவிடும், ரிலேக்கு மின்சாரம் போகாது, விழும், சிக்னல் சிவப்பாகும். வண்டியே வேண்டாம், தண்டவாளம் உடைந்து மின்சாரம் அறுந்தாலும் ரிலே விழும். பாட்டரி தீர்ந்தாலும் விழும். சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் அதன் வேதம். சூரமங்கலத்தில் அண்ணியின் டம்ளர்களை ஆட்டிவிட்டுப் போகிற ஒவ்வொரு வண்டியும் அந்த நம்பிக்கையின் பேரில்தான் போகிறது.

வீட்டுக்கு வந்து படத்தைக் கிழித்துப் போட்டேன். புதிய படத்தில், ரிலே விழுந்து கிடப்பதுதான் அதன் இயல்பு. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் எழுந்து ஸ்பீக்கரைச் சேர்க்கும். ஸ்விட்ச் போட்டதும் சேர்க்காது. ஆம்ப்ளிஃபையர் நிலைக்கு வர நாலு வினாடி காத்திருக்கும். அணைத்தால் உடனே விழுந்துவிடும். வருவதற்குத் தாமதம், போவதற்கு அவசரம். நம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு நேர் விரோதமான சுபாவம்.

படத்தைப் பலகையாக்குவது தனிக் கதை. செம்புத் தகடு ஒட்டிய போர்டில் அழியாத மையால் பாதைகளை வரைந்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஊற வைத்தால் மை இல்லாத செம்பு கரைந்து போகும். என் வீட்டுக் குளியலறையில் அந்தக் கரைசல் விட்ட மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி என் மனைவியின் அபிப்பிராயமும் அப்படியே இருக்கிறது. துளை போட்டு சாமான்களைப் பொருத்தப் போனால் டிரான்சிஸ்டரின் கால்கள் எல்லாம் இடம் மாறி நின்றன. செம்பு இருப்பது அடிப் பக்கம். நான் வரைந்தது மேல் பக்கத்திலிருந்து பார்த்த படம். கண்ணாடியில் பார்த்த முகம் மாதிரி எல்லாம் இடம் வலமாகிவிட்டது. இரண்டாம் போர்டு செய்தேன். ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் நிற்கும் கணத்தில் சுருள் கோபித்துக்கொண்டு உதைக்கிற உதையில் டிரான்சிஸ்டர் செத்துப் போகும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் மறந்தேன். டிரான்சிஸ்டர் செத்த பிறகு ஞாபகம் வந்தது.

அப்புறம் பாலக்காடு மணி ஐயர் வந்தார். கச்சேரிக்கு மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த வித்வான் அவர். நானோ அவருடைய மிருதங்கத்தை நூறு வாட்டில் முழங்க வைத்துப் பரீட்சை பார்க்கலாம் என்று என் வீட்டுப் பழைய ஸ்பீக்கரை மாட்டிக் காஸெட்டைப் போட்டேன். தொப்பியில் ஒரு அழுத்து அழுத்தினாரோ இல்லையோ, "டிக்" என்று ரிலே விழுந்துவிட்டது. நாலு வினாடி மௌனம். மறுபடி எழுந்தது. மறுபடி ஒரு அழுத்து, மறுபடி மௌனம். என் பலகையும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது.

காரணம் இதுதான். நேர் மின்சாரம் எது, மெதுவாக ஊசலாடும் கீழ் ஸ்வரம் எது என்று காவல்காரனுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு தடையும் ஒரு கண்டென்சரும் சேர்ந்து சல்லடையாக நிற்கின்றன. 22 ஆயிரம் ஓம் தடை சரிதான். கண்டென்சரை நான் மிகச் சிறியதாகப் போட்டுவிட்டேன்: 4.7 மைக்ரோஃபாரட் இரண்டு, முதுகோடு முதுகாக. இரண்டும் சேர்ந்தால் அதில் பாதிதான் மதிப்பு. அந்தச் சல்லடை மிருதங்கத்தையே திருடன் என்று நினைத்தது. அவற்றை எடுத்துவிட்டு 100 மைக்ரோஃபாரட் இரண்டு போட்டேன். இப்போது தாழ்ந்த ஸ்வரங்கள் வந்து போக இடம் கிடைத்தது. நிஜமான ஆபத்து, அதாவது 45 வோல்ட் நேராக வந்தால், வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் பலகை கண்டுகொள்ளும். எல்லோரையும் சந்தேகிக்கிற காவல்காரன் வீட்டுக்கு உதவ மாட்டான். ஒருவரையும் சந்தேகிக்காதவனும் உதவ மாட்டான். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பது ஒரு கண்டென்சர் வாங்குகிற விஷயமாக இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. மற்ற இடங்களில் அது இவ்வளவு சுலபமாக இல்லை.

கடைசிப் பரீட்சைக்குப் பெரியவரையே அழைத்து வந்தேன். மிஞ்சியிருக்கும் அண்ணன் ஸ்பீக்கரை வைத்துப் பரீட்சை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. சேலத்தில் லாரிக்குப் பஞ்சமா? நாலு லாரி ஹெட்லைட் பல்புகளை வாங்கி, இரண்டிரண்டாகக் கோத்து, ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டினேன். ரிலே பிடித்ததும் அதன் வழியாக வேண்டுமென்றே 45 வோல்ட்டைப் பாய்ச்சினேன். "டிக்" என்று ரிலே விழுந்தது. ஆனால் பல்புகள் மங்கினவே தவிர அணையவில்லை! ரிலேயின் கண்ணாடி மூடிக்குள், பிரிந்து நின்ற இரண்டு முனைகளுக்கும் நடுவில் நீலமாக ஒரு நெருப்பு நின்று எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் எட்டி மெயின் ஸ்விட்சை அணைத்தார்.

"நேர் கரண்ட் இல்லீங்களா, அப்படித்தான் பிடிச்சுக்கும்" என்றார். ஊசலாடும் மின்சாரமாக இருந்தால் ஒவ்வொரு ஊசலிலும் ஒரு கணம் ஓய்ந்து தானே அணைந்துவிடும். நேர் மின்சாரத்துக்கு ஓய்வே இல்லை. ரிலேயின் மேல் 30 வோல்ட் நேர் மின்சாரம் என்று எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன்.

இதற்கும் வழி இருந்தது. ரிலேயில் ஆடுகிற நாக்குக்கு இரண்டு பக்கமும் முனை உண்டு. ஸ்பீக்கரை நாக்கில் கட்டி, எழுந்திருக்கும்போது அது தொடும் முனையில் ஆம்ப்ளிஃபையரையும், விழும்போது தொடும் முனையில் கிரவுண்டையும் கட்டிவிட்டால் போதும். அப்புறம் நெருப்பு எழுந்தாலும் மின்சாரம் ஸ்பீக்கரை நாடாமல் நேரே கிரவுண்டுக்கு ஓடும். அந்தப் பாய்ச்சலில் ஃபியூஸும் யோசிக்காமல் அறுந்துவிடும். கம்பியை மாற்றிக் கட்டி மறுபடி பாய்ச்சினோம். "டிக்". பல்புகள் அந்தக் கணமே இருண்டன. ஃபியூஸ் போயிற்று. ஒரு ஃபியூஸ் அறுந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

கருகிய இடது ஸ்பீக்கருக்குப் புதுச் சுருள் கட்டி வாங்கினேன். பெரிய தகடும் காவல் பலகையும் வைத்து ஆம்ப்ளிஃபையரைக் கொண்டு போய் மாட்டினேன். அண்ணி விளக்கை ஏற்றிவிட்டு வந்து காஸெட்டைப் போட்டார். ஸ்விட்சைத் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த நாலு வினாடியும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "டிக்" என்றது. காருகுறிச்சியாரின் நாதஸ்வரம் கூடத்தை நிறைத்தது.

பாதியில் மின்சாரம் போயிற்று. ஒரு சின்ன "டிக்". "தொப்" இல்லை, வாசனை இல்லை.

"மறுபடியும் போச்சுங்களா தம்பி?" என்றார் அண்ணி இருட்டில்.

"இல்லை அண்ணி, கரண்ட்தான் போச்சு."

"அப்போ சரி" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்காக இரண்டு மாதம் உழைத்தது பெரிதாகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். புதுச் சுருள் கட்டிய ஸ்பீக்கர் நன்றாகத்தான் பாடுகிறது. ஆனாலும் பழையதோடு வைத்துக் கேட்டால் குரல் கொஞ்சம் கட்டை. மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. முன்பெல்லாம் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொள்கிற அண்ணி, இப்போது அதை வலது பக்கமாக, பழைய ஸ்பீக்கருக்கு அருகில், ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.